பிரியா விகார் வழக்கு: பேசாமல் இருந்து தாய்லாந்து இழந்த கோயில்

1962 ஜூன் 15 அன்று தி ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் பிரியா விகார் கோயில் கம்போடியாவுக்கே என்று தீர்ப்பு சொன்னபோது அது தாய்லாந்தின் கையில்தான் இருந்தது. அதன் ஆட்கள்தான் அங்கே காவல் நின்றார்கள். கம்போடியா சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள்கூட முடியாத நாடு. படைபலத்தில் தாய்லாந்தோடு அதற்குப் பேச்சே இல்லை. பாங்காக்கில் ஆட்சி செய்தவர் ராணுவத் தலைவர் சரித் தனரட், அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி. போகமாட்டேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் கிளப்புவதற்கு யாரும் படை அனுப்பியிருக்கப் போவதில்லை. ஆனாலும் தீர்ப்பு வந்து ஒரே மாதத்தில் தாய்லாந்து கோயிலை விட்டு வெளியேறியது.

அதே இரண்டு நாடுகள் 2011-ல் அதே கோயிலின் பக்கத்திலும், 2025-ல் அந்த எல்லை நெடுகிலும் பீரங்கி வைத்துச் சுட்டுக்கொண்டன. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் நாடுகளுக்கு இடையே சட்டம் என்ன செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது புரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் எதைத் தெளிவாகச் சொன்னதோ அதற்கு இரண்டு நாடுகளும் கட்டுப்பட்டன. எதைச் சொல்லாமல் விட்டதோ அதற்காகத்தான் சிப்பாய்களும் ஊர்மக்களும் செத்தார்கள்.

மலை மேல் சிகரேஸ்வரர்

டாங்ரெக் மலைத்தொடர் இரண்டு நாடுகளுக்கும் நடுவே கிழக்கு மேற்காக ஓடுகிறது. வடக்கே தாய்லாந்துப் பக்கம் மெல்லச் சரியும். தெற்கே கம்போடியப் பக்கம் செங்குத்தாக விழும். அந்தச் செங்குத்துப் பாறையின் விளிம்பில், 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கீழே விரிந்து கிடக்கும் கம்போடியச் சமவெளியைப் பார்த்தபடி கோயில் நிற்கிறது. 9-ஆம் நூற்றாண்டு தொடங்கி 12-ஆம் நூற்றாண்டு வரை கம்போடியாவின் கெமர் மன்னர்கள் கட்டிய சிவன் கோயில் இது. சுவாமியின் பெயர் சிகரேஸ்வரர். அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் குரு திவாகர பண்டிதர் இங்கே பொன்னால் செய்த நடராஜர் திருமேனி ஒன்றைக் கொடுத்தார் என்று இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நம் ஊர்க்காரர் எவருக்கும் இதைப் படித்ததும் கோயில் மேல் ஓர் ஒட்டுதல் வந்துவிடும்.

ஆனால் யார் கட்டினார்கள், எந்தச் சாமி, எந்த மொழிக் கல்வெட்டு என்பதை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. கட்டியது கெமர்கள், ஆகவே கோயில் எங்களுடையது என்று கம்போடியா வாதாடியது. படிக்கட்டுகள் வடக்கே எங்கள் பக்கம்தான் இறங்குகின்றன, தெற்கிலிருந்து பாறையேறித்தான் வர வேண்டும் என்று தாய்லாந்து வாதாடியது. நிலவியல், வரலாறு, மதம், தொல்லியல் சார்ந்த இந்த வாதங்கள் எதையும் சட்டப்படி தீர்மானமானவையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிட்டது. நில உரிமைப் பிரச்சினை என்றாலே 'ஆதியிலிருந்து எங்களுடையது' என்று தொடங்குகிற பழக்கம் நம்மிடமும் உண்டு. அதற்கு இந்த நீதிமன்றத்தில் எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு பத்தி போதும்.

சரி, எதை வைத்து முடிவு செய்தார்கள்? ஒரு வரைபடத்தையும், அதைப் பார்த்துவிட்டுத் தாய்லாந்து ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்ததையும் வைத்து.

வரைபடம் வந்த வழி

1904 பிப்ரவரி 13 அன்று சயாமும் (அன்றைய தாய்லாந்து) கம்போடியாவை ஆண்டுகொண்டிருந்த பிரான்ஸும் ஓர் ஒப்பந்தம் செய்தன. டாங்ரெக் மலையில் மழைநீர் எந்த மேட்டில் இரண்டாகப் பிரிந்து வடக்கும் தெற்குமாக ஓடுகிறதோ, அந்தக் கோடுதான் எல்லை என்பது அதன் வாசகம். கோட்டை இடத்தில் போய்ப் பார்த்துக் குறிக்க இரு நாட்டு அதிகாரிகள் அடங்கிய கூட்டுக்குழு அமைந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்குத் தலைவர் கர்னல் பெர்னார். 1906 டிசம்பரில் அங்கோர் வாட்டில் கூடி, மலைமேல் ஏறிக் கிழக்கு நோக்கிப் பார்த்துக்கொண்டே போவது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த மாதமே, எல்லை வேலை பிரச்சினையில்லாமல் முடிந்தது என்று பாங்காக்கிலிருந்த பிரெஞ்சுத் தூதர் பாரிஸுக்குத் தகவல் அனுப்பினார். ஆனால் பிரியா விகார் பகுதியில் கோடு எங்கே போகிறது என்று குழு தீர்மானித்ததற்கு எந்தக் கூட்டக் குறிப்பும் கிடையாது. அதற்குப் பிறகு குழு கூடவே இல்லை.

வரைபடம் போடும் தொழில்நுட்பம் அன்றைய சயாமிடம் இல்லை. பிரெஞ்சு அதிகாரிகளே போட்டுத் தரட்டும் என்று சயாம்தான் கேட்டுக்கொண்டது. 1907-ல் பதினொரு வரைபடங்கள் தயாராகி பாரிஸில் அச்சாகின. டாங்ரெக் பகுதிக்கான தாளில் எல்லைக்கோடு கோயிலுக்கு வடக்கே போகிறது. அதாவது கோயில் கம்போடியாவில். உண்மையில் தண்ணீர் பிரிகிற கோடு தெற்கே பாறை விளிம்பை ஒட்டித்தான் ஓடுகிறது, ஒப்பந்தத்தின் வாசகப்படி கோயில் எங்கள் பக்கம் என்பது தாய்லாந்தின் வாதம்.

1908 ஆகஸ்டில் பாரிஸிலிருந்த சயாம் தூதர் இந்த வரைபடங்களைத் தன் அரசுக்கு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் ஐம்பது படி. லண்டன், பெர்லின், ரஷ்யா, அமெரிக்கா என்று மற்றத் தூதரகங்களுக்கும் படிகள் போயின. உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் டாம்ரோங், பாங்காக்கிலிருந்த பிரெஞ்சுத் தூதருக்கு நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் பதினைந்து படிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

இந்தப் பதினைந்து படிகள்தான் பிற்பாடு தாய்லாந்தின் கழுத்தை நெரித்தன. வரைபடத்தைக் கூட்டுக்குழு ஒப்புக்கொள்ளவே இல்லை என்று அது வாதாடியபோது, சரி, குழு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் அரசு வாங்கிக்கொண்டது, வெளியுறவு அமைச்சர் பார்த்தார், உள்துறை அமைச்சர் பார்த்தார், கூடுதல் படிகூடக் கேட்டார், யாரும் ஒரு வார்த்தை மறுக்கவில்லையே என்று நீதிமன்றம் கேட்டது. வரைபடம் தப்பு என்று எங்களுக்குத் தெரியாது என்ற வாதமும் எடுபடவில்லை. பார்த்தாலே கோயில் எந்தப் பக்கம் என்று தெரிகிற படம் அது. பார்க்க வேண்டியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது பதில். இதே கருத்து 1969-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையிலும் 48-ஆவது விதியாக இடம்பெற்றது.

1930: சீருடையில் வந்த பிரெஞ்சு அதிகாரி

வழக்கில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி இது.

1930-ல் அதே இளவரசர் டாம்ரோங் பிரியா விகாருக்குப் போனார். அப்போது அவர் அமைச்சர் இல்லை. நாட்டின் நூலகத்துக்கும் பழஞ்சின்னங்களுக்கும் பொறுப்பான அரச கழகத்தின் தலைவர். மன்னரின் அனுமதியோடு மேற்கொண்ட பயணம். மேலே போனால், பக்கத்துக் கம்போடிய மாகாணத்தின் பிரெஞ்சு அதிகாரி முழுச் சீருடையில் காத்திருந்து வரவேற்கிறார். பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. வீட்டுக்காரன் விருந்தாளியை வரவேற்கிற தோரணை. டாம்ரோங் எதுவும் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் அந்த அதிகாரிக்குப் புகைப்படங்களை அனுப்பினார். கூடவே பிரான்ஸ்தான் அங்கே விருந்தோம்பிய நாடு என்று ஒப்புக்கொள்வதுபோல் ஒரு குறிப்பும்.

இதைவிடத் தெளிவாக ஒரு நாடு தன் உரிமையைக் காட்டிக்கொள்ள முடியாது, அதற்கு ஒரு பதில் வந்திருக்க வேண்டும், தாய்லாந்து ஒன்றுமே செய்யவில்லை என்றது நீதிமன்றம். பேச வேண்டிய இடத்தில், பேச முடிந்த நிலையில் ஒருவர் பேசாமல் இருந்தால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும் என்ற பழைய இலத்தீன் சட்டவாக்கும் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது.

பேச முடிந்த நிலையில்தான் இருந்தார்களா? இளவரசருடன் போயிருந்த அவருடைய மகள் இந்த வழக்குக்காகக் கொடுத்த வாக்குமூலத்தில் அந்தக் காலத்து நிலைமையைச் சொன்னார். மறுப்புச் சொன்னால் அதையே சாக்காக வைத்து பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நிலத்தைப் பிடிப்பார்கள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அவர்கள் பீரங்கிக் கப்பலோடு பாங்காக் வழியாக ஓடும் சாவோ பிரயா ஆற்றுக்குள் நுழைந்து சந்தபுரி ஊரைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்தே அப்படித்தான் என்றார். அவர் சொன்னது 1893-ல் நடந்தது. அந்த ஆண்டுதான் சயாம் மேகோங்கின் கிழக்குக் கரையை பிரான்ஸிடம் இழந்தது. சீருடைக்காரர் வந்து நின்றதும் இளவரசருக்கு ஏன் வாய் எழவில்லை என்பது இந்தப் பின்னணியில் நன்றாகவே புரிகிறது.

பன்னிரண்டு நீதிபதிகளில் மூவர் பெரும்பான்மையை ஏற்கவில்லை. அவர்களில் ஒருவர் சீனாவின் வெலிங்டன் கூ. ஐரோப்பிய வல்லரசுகளோடு பழக நேர்ந்த ஆசிய நாடுகள் பெரும்பாலானவற்றின் பொதுவான அனுபவம் இது என்று அவர் எழுதினார். முதல் உலகப்போருக்குப் பிறகு பாரிஸ் அமைதி மாநாட்டில் சீனாவுக்காக வாதாடித் தோற்று, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்த தூதுக்குழுவில் இருந்தவர் அவர். அந்த வரியை அவர் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை என்பது தெரிகிறது.

இதில் நான் கூவின் பக்கம் சாய்கிறேன், ஆனால் 1930-ஐப் பொறுத்தவரை மட்டும். காரணம், தாய்லாந்து அதற்குப் பிறகும் பேசவில்லை. 1934-35-ல் தானே நில அளவை நடத்தி, வரைபடத்துக்கும் மலைக்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடித்தது. அதற்குப் பிறகும் 1937-ல் அதன் நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்தில் கோயில் கம்போடியாவில்தான் இருந்தது. அதே ஆண்டு பிரான்ஸோடு செய்த ஒப்பந்தத்தில் பழைய எல்லையையே உறுதிப்படுத்தியது. 1947-ல் வாஷிங்டனில் பிரான்ஸ்-சயாம் சமரசக் குழு கூடியது. எல்லைக் குறைகளைச் சொல்லவென்றே கிடைத்த மேடை அது. அங்கேயும் கோயிலைப் பற்றிக் கேட்கவில்லை, கோயிலைக் கம்போடியாவில் காட்டும் வரைபடத்தைத் தாக்கலும் செய்தது. அப்போது பிரான்ஸ் போரில் நொந்துபோன நாடு. சாவோ பிரயாவில் கப்பலும் இல்லை. 1949-ல் கோயிலில் தாய்லாந்துக் காவலர்கள் இருப்பதைப் பற்றி பிரான்ஸ் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியபோது பதில்கூடப் போடவில்லை. பயத்தால் வந்த மௌனத்தை மன்னிக்கலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

வழக்கு வந்த நேரம்

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு 1954-ல் தாய்லாந்து கோயிலைத் தன் வசம் வைத்துக்கொண்டது. கம்போடியா கடிதம் எழுதியது, 1958-ல் பாங்காக்கில் பேசிப் பார்த்தது, நடக்கவில்லை. 1959 அக்டோபர் 6 அன்று ஹேக்கில் மனு போட்டது.

இந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டை அதன் சம்மதம் இல்லாமல் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறேன் என்று தாய்லாந்து 1950-ல் கொடுத்திருந்த அறிவிப்பு பத்தாண்டுக்கு மட்டும் செல்லும். கம்போடியா மனு போட்டபோது அது முடிய ஏழெட்டு மாதங்கள்தான் பாக்கி. அந்தச் சில மாதங்களைத் தவறவிட்டிருந்தால் வழக்கே கிடையாது. அறிவிப்பு செல்லாது என்று தாய்லாந்து எழுப்பிய ஆட்சேபத்தை 1961 மே மாதம் நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. தாய்லாந்து அந்த அறிவிப்பை அதற்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை.

கம்போடியாவுக்காக வாதாட வந்தவர்களில் டீன் அச்செசனும் இருந்தார். ட்ரூமன் காலத்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர். தாய்லாந்தின் தரப்பில் அதன் முன்னாள் பிரதமர் சேனி பிரமோஜ். அமெரிக்காவின் கூட்டாளிக்கு எதிராக அமெரிக்காவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று நின்றதைப் பாங்காக்கில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் கோயில் கம்போடியாவின் இறையாண்மைக்கு உட்பட்ட நிலத்தில் இருக்கிறது என்று தீர்ப்பானது. கோயிலிலும் 'கம்போடிய மண்ணில் அதன் அருகாமையிலும்' நிறுத்தியிருக்கும் படை, போலீஸ், காவலர்களைத் தாய்லாந்து விலக்கிக்கொள்ள வேண்டும். 1954-க்குப் பிறகு கோயிலிலிருந்து எடுத்துப்போன பொருள்கள் இருந்தால் திருப்பித் தர வேண்டும்; இது ஏழுக்கு ஐந்து. அவ்வளவுதான். வரைபடத்துக்கு என்ன சட்ட மதிப்பு, முழு எல்லைக்கோடு எது என்று தீர்ப்பின் முடிவுரையிலேயே அறிவிக்கும்படி கம்போடியா கேட்டது. மனுவில் இல்லாத கோரிக்கை, கடைசியில் சேர்த்தது என்று நீதிமன்றம் அதைத் தொடவில்லை.

ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?

பாங்காக்கில் ஊர்வலங்கள் நடந்தன. சரித் தனரட் வானொலியில் மக்களிடம் பேசினார். தீர்ப்பு அநியாயம், ஆனாலும் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர் என்ற முறையில் கட்டுப்படுகிறோம் என்பதுதான் அரசின் நிலை. ஐநா சாசனத்தின் 94-ஆவது விதி, தான் தரப்பாக இருக்கும் வழக்கின் தீர்ப்புக்கு ஒவ்வோர் உறுப்பு நாடும் கட்டுப்பட வேண்டும் என்கிறது. வெளியுறவு அமைச்சர் தனத் கோமன் ஜூலை 6 அன்று ஐநாவின் தற்காலிகப் பொதுச்செயலர் ஊ தாண்டுக்குக் கடிதம் எழுதினார். தீர்ப்பை ஏற்கவில்லை, எதிர்காலத்தில் சட்டபூர்வமாகக் கோயிலை மீட்கக் கிடைக்கும் எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பதிவு செய்தார். இத்தனை காலம் எழுதாமல் இருந்து கோயிலை இழந்த நாடு, இழந்த பிறகு எழுதக் கற்றுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோயில் உச்சியில் பறந்த தாய்லாந்துக் கொடியைச் சிப்பாய்கள் இறக்கவில்லை. கொடி பறக்கப் பறக்க, கம்பத்தையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து மோ ஈ டேங் பாறைக்குக் கொண்டுபோய் நட்டார்கள். இறக்கினால் தோற்றதாகிவிடும், ஏந்திக்கொண்டு போனால் மானம் மிச்சம். ஒரு தீர்ப்பை நாடுகள் விழுங்குவதற்கு இப்படி ஏதாவது ஒரு வழி தேவைப்படுகிறது. கம்போடியாவை ஆண்ட இளவரசர் சிஹானூக்கும் அதைப் புரிந்துகொண்டவர். 1963 ஜனவரியில் தெற்குப் பாறை வழியாக மேலே வந்து கோயிலை ஏற்றுக்கொண்ட அவர், தாய்லாந்து மக்கள் விசா இல்லாமலேயே வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்.

போலீஸ் இல்லாத சட்டத்துக்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. தாய்லாந்துக்கு இது ஒரே ஓர் எல்லை இல்லை. லாவோஸ், பர்மா, மலாயா என்று சுற்றிலும் எல்லைகள் இருக்கின்றன. அவற்றில் பல இதே மாதிரி ஒப்பந்தங்களாலும் வரைபடங்களாலும் நிற்பவை. இங்கே காகிதத்தைக் கிழித்தால் அங்கே எந்தக் காகிதத்தைக் காட்டுவது? தனக்கு நாளைக்கு வேண்டும் என்பதால்தான் பெரும்பாலான அரசுகள் இந்தச் சட்டத்தை இன்றைக்கு மதிக்கின்றன. நல்லெண்ணத்தை நம்பியிருப்பதைவிட இது உறுதியான அடித்தளம் என்றே நினைக்கிறேன்.

'அருகாமை' என்ற முள்

படையை விலக்க வேண்டும், சரி. எவ்வளவு தூரம்? 1962 ஜூலை 10 அன்று தாய்லாந்து அமைச்சரவை தானே ஒரு கோடு போட்டது. கோயிலைச் சுற்றி இறுக்கமாக முள்வேலி. கோயிலின் அருகாமை இந்த எல்லைக்கு அப்பால் நீளாது என்று ஒரு பலகையையும் நட்டார்கள். நீதிமன்றம் அளவு சொல்லாத ஓர் இடத்தைத் தோற்ற நாடே அளந்து வேலி போட்டுக்கொண்டது. கம்போடியா ஆட்சேபித்தது, ஆனால் கோயில் கிடைத்த சந்தோஷத்தில் சிஹானூக் சில மீட்டர்களுக்காகச் சண்டை போடவில்லை. பிறகு கம்போடியாவில் உள்நாட்டுப் போர், கெமர் ரூஜ் ஆட்சி, வியட்நாம் படை என்று முப்பதாண்டு நரகம். வேலிக்கும் வரைபடக் கோட்டுக்கும் நடுவிலிருந்த சுமார் 4.6 சதுர கிலோமீட்டரைப் பற்றிப் பேச அங்கே ஆளில்லை.

2008 ஜூலையில் யுனெஸ்கோ கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் எல்லாம் வெடித்தது. அதற்கு ஆதரவாகக் கம்போடியாவோடு கூட்டறிக்கை போட்ட தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் நொப்படோன் பட்டமா பதவி விலக நேர்ந்தது. நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத அந்த அறிக்கை அரசமைப்புக்கு விரோதம் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றமே சொன்னது. இரண்டு பக்கமும் படை குவிந்தது. 2011 பிப்ரவரியில் நான்கு நாள் பீரங்கிச் சண்டை. கோயில் கற்களிலும் குண்டு பட்டது.

2011 ஏப்ரலில் கம்போடியா மறுபடியும் ஹேக்குக்குப் போனது. தாய்லாந்தின் சம்மதம் காலாவதியாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டதே, எப்படி? நீதிமன்றச் சட்டத்தின் 60-ஆவது விதிதான் வழி. ஏற்கெனவே சொன்ன தீர்ப்பின் பொருளில் தகராறு வந்தால் விளக்கம் கேட்கலாம். அதற்குப் புதுச் சம்மதம் வேண்டாம், காலக்கெடுவும் இல்லை. ஜூலையில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக ஒரு பகுதியை வரைந்து, இரண்டு படையும் அதை விட்டு விலக வேண்டும் என்றது. தகராறே இல்லாத தாய்லாந்து மண்ணும் அந்தப் பகுதிக்குள் வந்ததால் பதினொன்றுக்கு ஐந்து என்றுதான் முடிவானது. உடனே நடக்கவில்லை, ஓராண்டு கழித்து இரண்டு நாடுகளும் படையைக் குறைத்தன.

2013 ஏப்ரல் விசாரணையைத் தாய்லாந்து மக்கள் நேரலையில் பார்த்தார்கள். அதன் தரப்பில் வாதாடிய ருமேனிய வழக்கறிஞர் ஆலினா மிரோன் அந்நாட்டில் ஒரே நாளில் பிரபலம் ஆகிவிட்டார். பழைய வரைபடக் கோட்டை இன்றைய நிலத்தின் மேல் எப்படிப் பொருத்துவது, எத்தனை விதமாகப் பொருத்தலாம், ஒவ்வொன்றுக்கும் கோடு எப்படி மாறுகிறது என்று அவர் காட்டினார். நியாயமான கேள்வி. இரண்டு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலுள்ள வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 200 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு ஊர் அடங்கிவிடும்.

இன்னொரு வாதத்தையும் தாய்லாந்து வைத்தது: முள்வேலியைக் கம்போடியா அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டது. 1962-ல் தன்னை வீழ்த்திய அதே ஆயுதத்தை எதிரியின் மேல் வீசிப் பார்த்தது. பலிக்கவில்லை. கம்போடியா வேலியை எதிர்த்தது பதிவில் இருந்தது.

2013 நவம்பர் 11 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு. கோயில் நிற்கும் பாறை முனை முழுவதும் கம்போடியாவுக்குச் சொந்தம். 1962 தீர்ப்பின் பொருளே அதுதான். வேலிக்கோடு தவறு. கிழக்கு, தெற்கு, தென்மேற்கில் பாறைச் சரிவு. வடக்கே அந்த 1907 வரைபடக் கோடு. மேற்கே பக்கத்து மலையான புனோம் டிராப்புக்கு முன் உள்ள பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்து மலை 1962 தீர்ப்பில் வரவில்லை. வரைபடக் கோட்டைத் தரையில் எப்படிப் பொருத்துவது என்பதையும் நீதிமன்றம் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு பேசித் தீருங்கள், ஒருதலைப்பட்சமாகத் தீர்த்துக்கொள்ளாதீர்கள் என்று விட்டுவிட்டது. இரண்டு அரசுகளும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று தம் மக்களிடம் சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. கோயிலடியில் துப்பாக்கிகள் அப்போதைக்கு ஓய்ந்தன.

வழக்கு விட்டுப்போன பழக்கம்

வெளியுறவு அமைச்சகங்கள் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கண்டனக் குறிப்பு அனுப்புவதைப் பார்த்து வெற்றுச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. பக்கத்து நாட்டு அதிகாரி ஒரு பாறையில் கொடி நட்டார், ஒரு பாடநூலில் படம் தப்பாக வந்தது என்றால் மறுநாளே தூதரைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுக்கிறார்கள். அந்தக் கடிதம் அன்றைக்கு எதையும் மாற்றாது. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு நீதிபதி, நீங்கள் ஏன் அன்று பேசவில்லை என்று கேட்கும்போது எடுத்து நீட்டுவதற்கு அது வேண்டும்.

சிங்கப்பூர், மலேசிய வாசகர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் கலங்கரை விளக்கம் நிற்கும் பெட்ரா பிராங்கா பாறை, மலேசியர்களுக்குப் புலாவ் பத்து பூத்தே, முதலில் ஜோகூர் சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் 1953-ல் ஜோகூர் அரசின் அதிகாரி ஒருவர், அந்தப் பாறைக்கு ஜோகூர் உரிமை கோரவில்லை என்று கடிதம் எழுதியிருந்தார். அதன் பிறகு சிங்கப்பூர் அங்கே செய்த வேலைகளுக்கு மலேசியா மறுப்புச் சொல்லவும் இல்லை. 2008 மே மாதம் பன்னிரண்டுக்கு நான்கு என்ற கணக்கில் பாறை சிங்கப்பூருக்குப் போனது.

இன்றைய நிலை

2025 மே மாதம் எல்லையில் நடந்த சிறு மோதலில் கம்போடியச் சிப்பாய் ஒருவர் இறந்தார். ஜூன் மாதம் கம்போடியா மீண்டும் ஹேக்குக்குக் கடிதம் எழுதியது. இந்தமுறை கேட்டது தா மோன் தோம், தா மோன் டோச், தா கிராபெய் என்ற மூன்று பழங்கோயில்களையும் மோம் பெய் பகுதியையும் பற்றி. இவை 1962 தீர்ப்பில் இல்லை, ஆகவே 60-ஆவது விதி உதவாது. புது வழக்குக்குத் தாய்லாந்தின் சம்மதம் வேண்டும். தாய்லாந்து தரமாட்டேன் என்கிறது. ஜூலை 24 அன்று சண்டை மூண்டு ஐந்து நாள் நடந்தது. சுமார் 3 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். மலேசியாவின் புத்ராஜெயாவில் போர்நிறுத்தம் பேசி முடித்தும், டிசம்பரில் மறுபடியும் மூண்டது.

சர்வதேசச் சட்டம் செத்துவிட்டது என்று இதைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டையின் நடுவிலும் பிரியா விகார் கோயில் யாருடையது என்று கம்போடியா புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற மூன்று கோயில்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாய்லாந்தின் மேல் எனக்குள்ள குறை இதுதான்: 1962-லும் 2013-லும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட நாடு, மிச்சமிருக்கும் இடங்களையும் ஹேக்கிடம் விட்டால் என்ன இழந்துவிடும்? முன்பு தோற்ற நினைவு தடுக்கிறது. அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கட்டுகிறவர்கள் சிசாகெட், சுரின் மாகாணத்து விவசாயிகளும், மலைக்குத் தெற்கே கம்போடியக் கிராமத்து மக்களும்தான்.

மிச்சமிருக்கிற வழி 2000-ஆம் ஆண்டு இரண்டு நாடுகளும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்கீழ் இயங்கும் கூட்டு எல்லைக் குழு. அந்த ஒப்பந்தம் 1904, 1907 ஒப்பந்தங்களையும் அவற்றின்படி அமைந்த கூட்டுக்குழுக்களின் வரைபடங்களையும் அடிப்படையாகக் கொள்கிறது. அதையே ரத்து செய்ய வேண்டும் என்று தாய்லாந்தில் ஒரு சாரார் கேட்கிறார்கள். பிரெஞ்சுக் காலத்தில் இந்த எல்லையில் 70-க்கும் மேற்பட்ட தூண்கள் நட்டார்கள். தூண் வரிசை சோங் ச-ங்காம் கணவாயில் தொடங்கி மேற்கே கடல்வரை போகிறது. கிழக்கே, பிரியா விகார் இருக்கும் பக்கம், இன்றுவரை ஒரு தூண்கூடக் கிடையாது. அங்கே அளவைக்காரர்களை அனுப்புவதற்குள் இன்னும் எத்தனை முறை சிப்பாய்களை அனுப்பப்போகிறார்கள் என்பதைப் பாங்காக்கும் புனோம் பென்னும்தான் முடிவு செய்ய வேண்டும்.